புகையாத நெருப்பு

“நெருப்பில்லாமல் புகையாது” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்தப் பழமொழியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். புகையில்லாமல் நெருப்பு இருக்க முடியுமா? முடியும். அது நாம் நினைப்பதுபோல் சாதுவான நெருப்பும் அல்ல. கொடைக்கானலில் விருந்துக்காக மூட்டும் ஒரு கரியடுப்பை வைத்துக்கொண்டே இந்த உண்மையைப் புரிந்துகொள்ளலாம்.

பழனி மலையின் உச்சியிலுள்ள கொடைக்கானலில் மாலை மங்கியதும் குளிர் இறங்கிவிடும். மார்கழி, தை மாதங்களில் சில இரவுகளில் புல்வெளியில் உறைபனியும் படியும். சுற்றுலா வந்தவர்கள் விடுதி முற்றத்தில் கூடுகிறார்கள். இரும்பு அடுப்பில் கரியைக் கொட்டி மூட்டுகிறார்கள். கம்பிவலைமேல் சாசேஜ் துண்டுகள் ஏறுகின்றன. அரைத்த இறைச்சியில் உப்பும் மசாலாவும் சேர்த்துக் குழல் வடிவில் அடைத்ததே சாசேஜ். நீள ரொட்டிக்கு நடுவில் வைத்தால் அதற்கு ‘ஹாட் டாக்’ என்று பெயர். விருந்தின் தொடக்கத்தில் கொறிப்பதற்காக அதையே விரற்கடை அளவுத் துண்டுகளாக நறுக்கி, புகை காட்டி, சர்க்கரைப் பாகு தடவி, பொன்னிறமாகச் சுட்டெடுக்கிறார்கள். இறைச்சி உண்ணாதவர்கள் பன்னீர்த் துண்டையோ அன்னாசித் துண்டையோ இவ்வாறே சுடலாம்.

இந்தச் சிறு துண்டு வெந்து முடிவதற்குள் மூன்று காரியங்கள் நடக்கின்றன. துண்டு பொன்னிறம் பெறுகிறது. புகைமணம் ஏற்கிறது. இவ்விரண்டையும் கண்ணும் மூக்கும் அறியும். மூன்றாவதாக, அடுப்பிலிருந்து ஒரு வாயு கிளம்புகிறது. அதைக் கண்ணும் அறியாது, மூக்கும் அறியாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நீர் என்னும் காவலன்

வேகவைத்த உருளைக்கிழங்கு ஏன் சிவப்பதில்லை? அதையே வறுத்தால் மட்டும் ஏன் சிவக்கிறது? விடை நீரில் இருக்கிறது.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் தண்ணீர் 100° செல்சியஸில் கொதிக்கிறது. கொடைக்கானல் நகரமோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம் அன்று. சுமார் 590 மில்லிமீட்டர்தான். மேலிருந்து அழுத்தும் காற்று குறைந்தால் நீர் மூலக்கூறுகள் ஆவியாகித் தப்புவது எளிதாகிறது. ஆகவே அங்கே நீர் 93° அளவிலேயே கொதித்துவிடுகிறது. பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைக்க மலைவாசிகள் அதிக நேரம் காத்திருப்பது இதனால்தான்.

கொதிக்கத் தொடங்கிய பிறகு எவ்வளவு தீயை ஏற்றினாலும் நீரின் வெப்பநிலை அதற்குமேல் உயராது. கூடுதல் வெப்பம் முழுவதையும் நீர் ஆவியாவதற்கே செலவிட்டுவிடுகிறது. ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கலோரி வெப்பம் தேவை. சாசேஜின் எடையில் ஏறத்தாழ பாதி நீர்தான். அதன் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை, கீழே கரி எத்தனை நூறு டிகிரியில் தகதகத்தாலும், மேல்தோல் 93°-ஐச் சுற்றியே நிற்கும். நீர் ஒரு காவலன்போல நின்று வெப்பநிலையை ஏறவிடாமல் தடுக்கிறது. ஈரம் வற்றியதும் காவலன் விலகிவிடுகிறான். வெப்பநிலை விறுவிறுவென்று ஏறுகிறது. நிறமும் மணமும் பிறப்பது அதன் பிறகுதான்.

பொன்னிறத்தின் இரகசியம்

வெள்ளைச் சர்க்கரையை ஓர் இரும்புக் கரண்டியில் இட்டுச் சூடாக்கிப் பாருங்கள். முதலில் உருகும். பின்பு மஞ்சளாகும், பொன்னிறமாகும், செம்பழுப்பாகும், விட்டுவிட்டால் கரியாகும். கரும்புச் சர்க்கரையில் இந்த மாற்றம் சுமார் 160° செல்சியஸில் தொடங்குகிறது. பழச்சர்க்கரை என்னும் ஃபிரக்டோஸ் 110° அளவிலேயே நிறம் மாறத் தொடங்கும். சூட்டில் சர்க்கரை மூலக்கூறுகள் நீரை இழந்து, உடைந்து, மீண்டும் ஒன்றோடொன்று பிணைந்து நூற்றுக்கணக்கான புதிய பொருள்களாகின்றன. சில நிறம் தருகின்றன, சில மணம் தருகின்றன, சில கசக்கின்றன. இதைக் ‘கேரமல் ஆதல்’ என்கிறார்கள்.

இதில் ஓர் அழகான நுட்பம் உண்டு. மலையேறினால் நீரின் கொதிநிலை இறங்குகிறது. சர்க்கரை உடையும் வெப்பநிலையோ இறங்குவதில்லை. முன்னது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பொறுத்தது. பின்னது மூலக்கூற்றின் பிணைப்புகளைப் பொறுத்தது. கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சும்போது வெப்பமானி வைத்துப் பதம் பார்ப்பவர், கொடைக்கானலில் ஏறத்தாழ ஏழு டிகிரி முன்னதாகவே பாகை இறக்கிவிட வேண்டும். பாகில் நீர் இருக்கிறதல்லவா? அதன் கொதிநிலையும் இறங்கியிருக்கும். ஆனால் ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கும் நம் பாட்டிமார் எந்த மலையிலும் ஏமாறுவதில்லை. அவர்கள் அளப்பது வெப்பநிலையை அன்று, பாகின் செறிவை!

இறைச்சியில் புரதமும் இருப்பதால் இன்னொரு வேதிவினையும் நடக்கிறது. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் சில சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறமும் வறுவல் மணமும் தருகின்றன. 1912-ஆம் ஆண்டு இதை ஆராய்ந்து வெளியிட்டவர் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு அறிஞர். அவர் பெயராலேயே அது ‘மையார் வினை’ எனப்படுகிறது. 140° அளவைத் தாண்டியதும் இவ்வினை மும்முரமாகிறது. தோசையின் முறுகல், வறுத்த காப்பிக்கொட்டையின் வாசனை, ரொட்டியின் மேலோடு எல்லாம் மையார் வினையின் கொடைகளே.

இந்த அறிவு சமையலுக்கு உதவுமா? நன்றாக உதவும். பாகை முதலிலேயே தடவிவிட்டால், உள்ளே சூடேறுவதற்குள் வெளியே சர்க்கரை கருகிவிடும். ஆகவே துண்டுகளைக் கரிக்கு நேர்மேலே வைக்காமல் ஓரமாக வைத்து, மூடியிட்டு, இருபது நிமிடம் மிதமான சூட்டில் புகை காட்ட வேண்டும். மேலீரம் இதற்குள் வற்றிவிடும். பிறகு நாட்டுச்சர்க்கரையில் சிறிது தண்ணீர், மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் காய்ச்சிய பாகைத் தடவி, கரிக்கு நேர்மேலே நகர்த்தி, இரண்டு மூன்று நிமிடம் திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். பாகு குமிழியிட்டுப் பளபளப்பான பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடலாம். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் கசப்புதான் மிஞ்சும்.

புகை என்றால் என்ன?

மரம் எரிகிறது என்று சொல்கிறோம். உண்மையில் மரக்கட்டை நேரடியாக எரிவதில்லை. சூடேறியதும் அது சிதைந்து பலவகை ஆவிகளை வெளிவிடுகிறது. அந்த ஆவிகள் காற்றோடு கலந்து எரிவதே சுடர். போதிய காற்றோ சூடோ இல்லாவிட்டால் அவை எரியாமலே வெளியேறிக் குளிர்ந்து நுண்துளிகளாகவும் துகள்களாகவும் மிதக்கின்றன. அவையே புகை. ஆகவே புகை என்பது எரியாமல் தப்பிய எரிபொருள். நெருப்பு தன் வேலையை அரைகுறையாக விட்டதற்கு அடையாளம்.

அந்த அரைகுறை வேலையில்தான் சுவையும் பிறக்கிறது. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் சிதைந்து குவயகால், சிரிங்கால் போன்ற ஃபீனால் வகைப் பொருள்களைத் தருகிறது. புகைமணம் எனப்படுவது பெரும்பாலும் இவற்றின் மணமே. செல்லுலோஸ் வகைப் பொருள்கள் சிதைந்து வரும் ஆவிகள் உணவின் மேல் பொன்னிறம் ஏற்றுகின்றன. ஃபீனால்களும் அமிலங்களும் நுண்ணுயிர்களைத் தடுப்பதால் புகை காட்டிய பொருள் எளிதில் கெடுவதில்லை.

இதை மலைவாசிகள் வேதியியல் படிக்காமலே அறிந்திருக்கிறார்கள். கொடைக்கானல் மேல்மலையிலுள்ள பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களில் மலைப்பூண்டு விளைகிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு இது. மழையும் பனியும் மாறிமாறி வரும் அந்த ஈரக்காற்றில் பூண்டு முளைவிடாமலும் பூஞ்சணம் பிடிக்காமலும் இருக்க, கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டுப் புகை காட்டி வைப்பது அங்கே வழக்கம். விருந்து அடுப்பின் புகைக்கும் பூண்டுக் கட்டின் புகைக்கும் அறிவியல் ஒன்றுதான்.

புகை காட்ட எல்லா மரமும் ஆகாது. கொய்யா, மா போன்ற பழமரச் சுள்ளிகள் நல்லவை. கொடைக்கானலில் எங்கும் கிடைக்கிறதே என்று பைன், யூகலிப்டஸ் குச்சிகளை எடுத்துப் போடக்கூடாது. பைன் மரத்தின் பிசினும் யூகலிப்டஸின் தைலமும் கரிப்புகையும் கசப்பும் தரும். சாயம் பூசிய பலகை, பிளைவுட் துண்டு ஆகியவற்றை அடுப்பின் பக்கமே கொண்டுவரக் கூடாது.

புகைமணத்துக்கு ஒரு விலையும் உண்டு. இறைச்சியின் கொழுப்பு கரிமேல் சொட்டி எரியும்போது எழும் புகையில் பென்சோபைரீன் போன்ற பொருள்கள் உண்டாகின்றன. இவை புற்றுநோயைத் தூண்டக் கூடியவை. மேலும், புகையூட்டியும் நைட்ரைட் உப்பிட்டும் பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் புற்றுநோய் விளைவிப்பவற்றின் பட்டியலில் சேர்த்தது. விருந்தில் என்றோ ஒருநாள் நாலு துண்டு சாப்பிடுவது வேறு. நாள்தோறும் உண்பது வேறு. கருகிய பகுதியைக் கிள்ளி எறிந்துவிடுவது நல்லது.

கரியடுப்பின் உள்ளே

இப்போது மூன்றாவது காரியத்துக்கு வருவோம். கரி ஏன் விறகைப்போலப் புகைவதில்லை? ஏனெனில் அதன் புகை ஏற்கெனவே போய்விட்டது! இராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டு, காற்றை அளவாக விட்டுப் பல நாள் கனியவைக்கிறார்கள். மரத்தின் ஆவிகள் எல்லாம் மூட்டத்திலேயே வெளியேறிவிடுகின்றன. எஞ்சி நிற்பது பெரும்பாலும் கார்பன். அதைத்தான் நாம் சாக்கில் வாங்குகிறோம். ஆகவே ‘புகை இல்லை’ என்பது ‘தீங்கு இல்லை’ என்பதற்குச் சான்றாகாது.

அடுப்பில் கரிக்குவியலின் அடியில் நல்ல காற்று நுழைகிறது. அங்கே கார்பன் முழுமையாக எரிந்து கரியமில வாயுவாகிறது. அந்த வாயு தகதகக்கும் கரித்துண்டுகளுக்கு இடையே மேலேறும்போது, ஒவ்வொரு கரியமில வாயு மூலக்கூறும் இன்னொரு கார்பன் அணுவைப் பற்றிக்கொண்டு இரண்டு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளாகிவிடுகிறது. குவியலின் மேற்பரப்பில் போதிய சூடும் காற்றும் இருந்தால் இந்த வாயு மீண்டும் எரிந்துவிடும். நன்றாகக் கனிந்த கரிமேல் சிறு நீலச் சுடர்கள் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அவை கார்பன் மோனாக்சைடு எரியும் சுடர்களே.

நீலச் சுடர் அணைந்து, கரிமேல் வெண்சாம்பல் படர்ந்து, அடுப்பு அடங்கிப்போகும் நேரத்தைக் கவனியுங்கள். விருந்து முடிந்துவிட்டது. ‘இனி இதில் என்ன இருக்கிறது, வெறும் கதகதப்புதானே’ என்று தோன்றும். ஆனால் அந்த வாயுவை எரிக்கும் சூடு மேற்பரப்பில் இல்லாததால், அது எரியாமல் அப்படியே வெளியேறுகிறது. சாதுவாகத் தோன்றும் அடுப்பே ஆபத்தான அடுப்பு.

ஒரே சிவப்பு

புகையூட்டிய இறைச்சித் துண்டை அறுத்துப் பார்த்தால் விளிம்பை ஒட்டி இளஞ்சிவப்பு வளையம் ஒன்று தெரியும். தசையிலுள்ள மையோகுளோபின் என்னும் புரதத்தோடு, புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் இறுகப் பிணைவதால் வரும் நிறம் அது. சமைத்தாலும் போகாது. கடையில் வாங்கும் சாசேஜின் இளஞ்சிவப்பும் இத்தகையதே. அங்கே நைட்ரைட் உப்பு அந்த வேலையைச் செய்கிறது.

நம் இரத்தத்தில் மையோகுளோபினின் உறவினர் ஒருவர் உண்டு. அவரே ஹீமோகுளோபின், ஆக்சிஜனை நுரையீரலிலிருந்து உடலெங்கும் சுமந்து செல்பவர். கார்பன் மோனாக்சைடு அவரையும் விடுவதில்லை. ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. 1850-களிலேயே பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார் இவ்வுண்மையை உணர்ந்திருந்தார்.

ஒரு எளிய கணக்கைப் பாருங்கள். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். பற்றும் வலிமையை 210 மடங்கு என்று வைத்துக்கொண்டால், காற்றில் வெறும் 0.1 சதவீதம் கார்பன் மோனாக்சைடு இருந்தாலே போதும்; அதைத் தொடர்ந்து சுவாசித்தால் நாளடைவில் அல்ல, சில மணி நேரத்தில் ஹீமோகுளோபினில் ஏறத்தாழ சரிபாதியை அது பிடித்துக்கொள்ளும். உயிருக்கு உலைவைக்கும் அளவு அது. கொடைக்கானலிலோ காற்றே மெலிந்தது. ஒவ்வொரு மூச்சிலும் கடலோரத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் சுமார் 78 சதவீதம்தான் கிடைக்கிறது. உடலின் சேமிப்பு குறைவாக இருக்கும் இடத்தில் திருடன் நுழைவதுபோல் ஆகிறது.

பன்னிரண்டு கிராம்

சரி, அந்த 0.1 சதவீதத்துக்கு எவ்வளவு கரி வேண்டும்? நாமே கணக்கிடலாம்.

விடுதி அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் என்று கொள்வோம். கனஅளவு 30 கனமீட்டர், அதாவது 30,000 லிட்டர். இதில் 0.1 சதவீதம் 30 லிட்டர். ஒரு மோல் வாயு திட்ட வெப்ப அழுத்த நிலையில் 22.4 லிட்டர் இடம் பிடிக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். கொடைக்கானலின் குறைந்த அழுத்தத்தில், 15° வெப்பநிலையில், அதே ஒரு மோல் ஏறத்தாழ 30 லிட்டர் இடம் பிடிக்கும். ஆக நமக்குத் தேவை ஒரே ஒரு மோல் கார்பன் மோனாக்சைடு. அதில் அடங்கிய கார்பனின் எடை 12 கிராம்!

அடுப்பில் மீந்த கரியில் 250 கிராம் கார்பன் இருந்து, அதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே கார்பன் மோனாக்சைடாக மாறினாலும் 25 கிராம் ஆயிற்று. தேவைக்கு இரு மடங்கு. கதவிடுக்கில் கொஞ்சம் காற்று வந்துபோகும், உண்மைதான். ஆனால் குளிருக்குப் பயந்து அந்த இடுக்கையும் துணியால் அடைப்பவர்கள் நாம்தானே?

இது ஏட்டுக்கணக்கு அன்று. 2024 ஆகஸ்டு மாதம் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்கள் சிலர், தங்கிய இடத்தில் கரியடுப்பில் இறைச்சி சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, அடுப்பு முழுதும் அணையாத நிலையில் உறங்கினார்கள். அவர்களில் இருவர் மறுநாள் கண்விழிக்கவில்லை. குளிர்நாடுகளிலும் வட இந்தியாவிலும் கணப்புச் சட்டியை அறைக்குள் வைத்து உறங்கியவர்கள் இவ்வாறு இறப்பது குளிர்காலந்தோறும் நடக்கிறது.

உறங்குகிறவர் ஏன் விழித்துக்கொள்வதில்லை? நமக்கு மூச்சுத் திணறுவது பெரும்பாலும் இரத்தத்தில் கரியமில வாயு மிகும்போதுதான். கார்பன் மோனாக்சைடு அந்த எச்சரிக்கை மணியை அடிப்பதில்லை. அதற்கு நிறமில்லை, மணமில்லை, எரிச்சலில்லை. விழித்திருப்பவருக்குக் கூடத் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, கால் தள்ளாட்டம் என்றுதான் தொடங்கும். ‘மலைப்பாதை வளைவில் வந்த களைப்பு’ என்று அவர் நினைத்துப் படுத்துவிடுவார். அக்காலத்தில் சுரங்கங்களில் கானரிப் பறவைகளைக் கூண்டில் கொண்டுபோனது இதனால்தான். மனிதனுக்கு முன்பே அது மயங்கி எச்சரிக்கும். பிரிட்டனில் இவ்வழக்கம் 1986 வரை இருந்தது.

விரல்நுனியில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் கருவியை நம்பலாமா என்று கேட்பீர்கள். கூடாது. அது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்புக் கதிரையும் செலுத்தி இரத்தத்தின் நிறத்தைப் பார்த்து விடை சொல்கிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தமும் ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தைப் போலவே செக்கச் சிவந்திருப்பதால், ஆபத்தான நிலையிலும் அது ‘98’ என்று காட்டக் கூடும்.

நினைவில் வைக்க வேண்டியவை

கரியடுப்பின் இடம் திறந்தவெளி. அறை, கூடாரம், கார் ஆகியவற்றுள் ஒருபோதும் கூடாது. சமைக்கவும் கூடாது, குளிர்காயவும் கூடாது. சன்னலை ஒருக்களித்துத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறு. இந்த வாயுவின் அடர்த்தி காற்றின் அடர்த்தியை ஒட்டியதே. அது தரையிலும் தங்காது, கூரையிலும் ஒதுங்காது. அறை முழுதும் கலந்து நிற்கும். கட்டிலில் படுத்தாலும் பாயில் படுத்தாலும் ஒன்றுதான்.

விருந்து முடிந்ததும் கரியைத் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மீண்டும் ஊற்றி, முற்றிலும் அணைக்க வேண்டும். நீறுபூத்த நெருப்பை நம்பக் கூடாது. தங்கும் இடத்தில் வெந்நீருக்கோ சூட்டுக்கோ கரி, விறகு, எரிவாயு எது எரிந்தாலும், கார்பன் மோனாக்சைடை உணர்ந்து ஒலியெழுப்பும் சிறு மின்கருவியை மாட்டி வைப்பது நல்லது.

யாராவது மயங்கிக் கிடந்தால், முதலில் கதவு சன்னல்களைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். நீங்கள் உள்ளேயே நின்று ஆராயாதீர்கள். அடுத்த நோயாளி நீங்களாகிவிடுவீர்கள். 108-க்கு அழைத்து, கரியடுப்பு இருந்தது என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும். அந்த வேறுபாடே உயிரைக் காக்கும்.

புகைகிற நெருப்பு கண்ணைக் கரித்து நம்மை வெளியே துரத்திவிடுகிறது. அந்த வகையில் அது நமக்கு நன்மையே செய்கிறது. கதகதப்பைக் கொடுத்து அருகில் வந்து உட்காரச் சொல்லும் புகையாத நெருப்பிடம்தான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கொடைக்கானலின் குளிருக்குக் கம்பளி இருக்கிறது. அடுப்பு முற்றத்திலேயே இருக்கட்டும்.